பெட் காலியில்லை

மார்சிலிங்
2 பிப்ரவரி 2025

தம்பி ரவூபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இருக்கேன். நீ எப்படி இருக்கியோ தெரியலை, அதான் எழுதுறேன்.

உன் போனுக்கு அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சுபோச்சு. ஹனீன் டன்லப் ஸ்திரீட்டுக்கே போய் சுந்தரம் அண்ணன்கிட்ட கேட்டுட்டு வந்தா. போன் அடகுக்கடையில இருக்காம். நீ அவர் மளிகைக்கடைக்கு மேல, சாமான் போடுற அறையில, அரிசி மூட்டைங்களுக்கு நடுவில படுத்திருக்கியாம். உன்னையும் அடகு வைக்காம விட்டியே, அல்ஹம்துலில்லாஹ்.

சுந்தரம் அண்ணன் போன்ல பேசுங்க உம்மான்னு ஹனீன் சொன்னா. அடுத்தவங்க போன்ல பேசுற விஷயமா இது? நான் அஞ்சாவதோட நின்னவ. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் மச்சான் மவுத்தாகி இன்னியோட மூணு வாரம். நாலு மாசம் பத்து நாள் நான் இத்தாவுல இருக்கணும், வாசல் தாண்டக் கூடாது. மே இருபத்திரெண்டுல முடியுதுன்னு ஹனீன் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கா. நான்தான் வெளிய வரக் கூடாது. கூடப்பிறந்தவன் நீ உள்ள வரலாம். நீ வரலை. மய்யித்து எடுத்த அன்னிக்கும் உன்னை யாரும் பார்க்கலைன்னாங்க. ஏன்னு நான் கேக்கலை.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நஸீஹா உன்னைப் பொங்கோல் வீட்டை விட்டுப் போகச் சொன்னப்போகூட, மச்சான் இருக்கார், உன்னைப் பார்த்துக்குவார்னு நான் பேசாம இருந்தேன். இப்ப அவர் இல்லை. ஒரு வருசத்துல ரெண்டு பேரைத் தூக்கிக் கொடுக்க என்கிட்ட தெம்பு இல்லை. குடியை நிறுத்த வைத்தியம் இருக்காம். எங்க, எவ்வளவு, ஒண்ணும் தெரியாது. தேடுறேன். நீ "சரி"ன்னு மட்டும் எழுது.

கவரும் ஸ்டாம்பும் உள்ள வச்சிருக்கேன். அதை வித்துக் குடிக்க முடியாது.

உனக்காகக் கை ஏந்துற
ரபியா ராத்தா

*

டன்லப் ஸ்திரீட்
9 பிப்ரவரி

ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உடம்பு பரவாயில்லை. நீ முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்கிறியா?

எழுத்து கோணலா இருக்கும். காலையில கை ஆடுது. கொஞ்சம் உள்ள போனாத்தான் நிக்குது. நின்ன பிறகு எழுதலாம்னா, அப்ப உனக்கு எழுத வெக்கமா இருக்கு. அதனால ஆடுற கையோடயே எழுதுறேன்.

எனக்காக எங்கயும் கேட்டு அலையாதே. நான் செலவு பண்ணத் தகுந்த ஆள் இல்லை. சுந்தரம் அண்ணன் மூட்டை இறக்கச் சொல்றார், இறக்குறேன். சோறு போடுறார். இப்படியே போகட்டும்.

மச்சானைப் பத்தி எழுதணும்னு உக்காந்தேன். வரலை.

ஆனா நீ எழுதுறதை நிறுத்திடாதே.

ரவூப்

"சரி"ன்னு எழுதச் சொன்னே. எழுதிட்டேன் பார்.

*

மார்சிலிங்
14 பிப்ரவரி

என் தம்பி ரவூபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முட்டி அப்படியே இருக்கு. வாசல் தாண்டாத முட்டிக்கு வலி எதுக்குன்னு தெரியலை.

கடைசி வரியில ஒளிச்சு வச்ச "சரி"யை நான் நாலு தடவை படிச்சேன். கோணலா இருந்தா என்ன.

இப்ப நடந்ததைக் கேளு. முதல்ல ஹனீன் கம்ப்யூட்டர்ல தேடி ஒரு தனியார் இடத்தைக் காட்டினா. தோட்டம், நீச்சல் குளம், வெள்ளைத் துண்டு, எல்லாம் படத்துல இருக்கு. காசைச் சொன்னா. "ஒரு வருசத்துக்கா?"ன்னேன். "ஒரு மாசம் லா, உம்மா"ன்னா. அவ்வளவு காசு இருந்தா நானே போய் அந்தக் குளத்துல கிடப்பேன்.

பள்ளிவாசல்ல கேக்கலாம்னு தோணுச்சு. யார் வீட்டுப் பிள்ளைம்பாங்க. யூசுப்போட மச்சினனான்னு வரும். மண்ணுக்குள்ள இருக்கிற மனுசனை எதுக்கு இழுக்கணும்னு விட்டுட்டேன்.

அப்புறம் புதன்கிழமை, ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கிற தொழுகை நேர அட்டையை எடுத்துட்டுப் புதுசு ஒட்டினேன். பழையதோட ஓரத்துல மச்சான் கையெழுத்து. "ரவூப்"னு போட்டு ஒரு நம்பர். உன் புது நம்பர் போல, எனக்குத் தெரியாம அவருக்கு மட்டும் கொடுத்திருக்கேன்னு ஆத்திரமா அடிச்சேன். ஒரு பொம்பளை எடுத்தா. "யாரும்மா நீ, என் தம்பி எங்க?"ன்னு கத்திட்டேன். இந்த வயசுல உனக்கு இது வேறயான்னு நினைச்சுட்டேன்!

அது அரசாங்க ஆஸ்பத்திரி. குடியை விட வைக்கிற பிரிவு. எடுத்த பொண்ணு பேர் கண்மணி, அங்க குடும்பத்துக்காரங்களுக்கு உதவி பண்ற வேலை. நல்லாத் தமிழ் பேசுது. யூசுப் வீட்டுலேர்ந்துன்னு சொன்னதும், "டிசம்பர்ல ரெண்டு தடவை கூப்பிட்டாரே, மச்சினனை அழைச்சிட்டு வர்றேன்னாரே"ன்னு கேட்டுது. அவர் இல்லைன்னு சொன்னேன்.  

அவர் உனக்காக இடம் தேடி வச்சுட்டுத்தான் போயிருக்கார் ரவூப். என்கிட்டகூடச் சொல்லாம.

கண்மணி சொல்லுச்சு, முதல்ல டாக்டர் பார்க்கணும், அப்புறம் வார்டுல ரெண்டு வாரம், அப்புறம் ஒரு இல்லத்துல ஆறு மாசம். "ஆனா இப்ப பெட் காலியில்லைம்மா, மூணு வாரம் ஆகும்"னுது. அட, அதுக்கா இவ்வளவுன்னு நான், "பெட் நான் அனுப்புறேன் மா. என் வீட்டுக்காரர் படுத்த மெத்தை சும்மாத்தான் கிடக்குது, நான் பாயிலதான் படுக்குறேன், லாரி வச்சு அனுப்பிடுறேன்"னேன். அந்தப் பொண்ணு சிரிக்கவும் முடியாம, என்னமோ ஆயிடுச்சு. "அம்மா, பெட்டுன்னா மெத்தை இல்ல. இடம். ஆளுக்கு இடம்." ஹனீன் பக்கத்துல வாயைப் பொத்திக்கிட்டு பால்கனிக்கு ஓடிட்டா.

மூணு வாரம் ராத்தா வீட்டுல இரு. மெத்தை இருக்கு.

இன்னொண்ணு. திடீர்னு நீயே மொத்தமா நிறுத்திடாதேன்னு கண்மணி கண்டிப்பாச் சொல்லுச்சு. வலிப்பு வந்துடுமாம். டாக்டர் சொல்றபடிதான் நிறுத்தணும். "நிறுத்தாதே"ன்னு உனக்கு நான் எழுதுறேன், பார்த்தியா கூத்தை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில சுந்தரம் அண்ணன் உன்னை டாக்டர்கிட்ட கூட்டிப் போவார். குளிச்சிட்டுப் போ.

வழி பார்த்துக்கிட்டிருக்கிற
ராத்தா

*

டன்லப் ஸ்திரீட்
22 பிப்ரவரி

ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீயும் ஹனீனும் சுகம்தானே.

டாக்டரைப் பார்த்தேன். குளிச்சிட்டுத்தான் போனேன். சுந்தரம் அண்ணன் பட்டை பட்டையா விபூதி பூசிக்கிட்டு என் பக்கத்துல உக்காந்திருந்தார். நர்ஸ் அவரைப் பார்த்து, "நீங்கதான் ரவூபா?"ன்னு கேட்டுது. "நான் காபிகூடக் குடிக்கிறதில்ல மா"ன்னு அவர் சண்டைக்குப் போயிட்டார்.

மருந்து கொடுத்திருக்காங்க. நாளுக்கு இவ்வளவுன்னு குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்காங்க.

ஆனா இது நடக்காது ராத்தா. கண்மணி வந்து பேசினாங்க. காசு குறைக்கணும்னா ஒரு டெஸ்ட் இருக்காம். மீன்ஸ் டெஸ்ட். நான் ஸ்கூல் டெஸ்டே தாண்டினதில்லை, உனக்குத் தெரியாதா? இந்தக் கையை வச்சுக்கிட்டு என்னத்தை எழுதுவேன். ஃபெயில் ஆனா முழுக் காசும் உன் தலையில வரும். வேணாம்.

வீட்டுக்கு வரச் சொல்றே. அந்த வீட்டுக்குள்ள வர எனக்கு முகம் இல்லை. அந்த மெத்தையில படுக்கச் சொல்லாதே.

ரவூப்

*

பொங்கோல்
23 பிப்ரவரி

மதினிக்கு,

ஸலாம். உடம்பைப் பார்த்துக்கோங்க. ஹனீன் கொண்டுவந்த ஃபாரத்தோட இந்தச் சீட்டையும் வைக்கிறேன். போன்ல பேசினா அழுதுடுவேன்.

அவர் அட்ரஸ் இன்னும் இந்த வீட்டுலதான் இருக்கு, அதனால என் சம்பளத்தைக் கேக்குறாங்க. தேக்கா மார்க்கெட் மேல்மாடியில துணி தைக்கிற எனக்கு என்ன பெரிய சம்பளம். சிலிப் எல்லாம் வச்சிருக்கேன். ஆஸ்பத்திரி பில்லை என் மெடிசேவ் சேமிப்புல பிடிச்சுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டேன். அப்புறம் இல்லத்துக்கு மாசாமாசம் கட்டுறதையும் நானே கட்டுறேன். நீங்க உம்ராவுக்குச் சேர்த்ததை எடுக்கப் போறதா ஹனீன் சொன்னா. எடுக்காதீங்க மதினி.

அவருக்கு மட்டும் சொல்லாதீங்க லா. சொன்னா மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்குவார். நான் மன்னிக்கலை. அனமோட பள்ளிக்கூட கேட்ல அவர் விழுந்து கிடந்தது எனக்கு மறக்கலை. அனமுக்கு வாப்பா வேணும், உசிரோட வேணும். அவ்வளவுதான்.

வாக்குக் கொடுங்க.

நஸீஹா

*

மார்சிலிங்
24 பிப்ரவரி

ரவூபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். இந்தக் கடுதாசியை ஹனீன் கையிலயே கொடுத்து அனுப்புறேன், படிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கச் சொல்லி.

டெஸ்ட்டைப் பத்திக் கண்மணிகிட்ட கேட்டேன். "என் தம்பி படிப்புல மக்கு மா, அவனுக்குப் பதிலா நான் எழுத முடியாதா"ன்னேன். அது எழுதுற டெஸ்ட் இல்லையாம். கையில காசு இருக்கா இல்லையான்னு பார்க்கிறதாம். "இதுல ஃபெயில் ஆனவங்களுக்குத்தான்மா சலுகை"ன்னு சிரிச்சுது. அப்படின்னா நம்ம குடும்பம் முதல் மார்க் தம்பி.

ஃபாரம் போயிடுச்சு. எல்லாக் கையெழுத்தும் விழுந்துடுச்சு. காசைப் பத்தி இனிமே நீ வாய் திறக்காதே. எப்படின்னு கேக்காதே. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

பெட் மார்ச் ஏழாம் தேதி காலியாகுது.

மெத்தையில படுக்க வேணாம். பாய் இன்னொண்ணு இருக்கு. நீ அங்க, நான் இங்க, ரெண்டு பேரும் தரையில கிடப்போம், மெத்தை பாட்டுக்கு அது கிடக்கட்டும். முகம் இல்லாட்டி முதுகைக் காட்டிக்கிட்டு வா. நோன்பு வர்றதுக்குள்ள வா.

ஹனீனோட இப்பவே கிளம்பு. மீன் ஆணம் வச்சிருக்கேன்.

ராத்தா

*

இல்லத்திலிருந்து, சாங்கி பக்கம்
30 மார்ச்

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சாங்கின்னதும் பயந்துடாதே, ஜெயில் இல்லை. ஜன்னல் திறந்தா கடல் தெரியுது, மேல ப்ளேன் போகுது. நான் நல்லா இருக்கேன். நாளைக்குப் பெருநாள். இங்க போன் கிடையாது, கடுதாசி எழுதலாம்.

வார்டுல முதல் நாலு நாள் என்ன நடந்துச்சுன்னு எனக்கே சரியாத் தெரியாது. அதை விடு. இங்க காலையில எழுப்பி வளாகம் கூட்டச் சொல்றாங்க. அப்புறம் எல்லாரும் வட்டமா உக்காந்து பேசணும். எனக்கு சமையலறை வேலை. முகமது ஆரிஃப்னு ஒருத்தர் எங்களுக்குப் பொறுப்பு, அவரே ஒருகாலத்துல குடிச்சவர், பன்னெண்டு வருசம் ஆச்சாம். கடைசிப் பத்து நோன்பும் பிடிச்சுட்டேன்.

உன் வீட்டுல பதினோரு நாள் இருந்தேன். நீ கேக்கலை. நான் சொல்லலை. ரெண்டு பாய்க்கும் நடுவில அது உக்காந்தே இருந்துச்சு. இப்ப சொல்றேன்.

மச்சான் மவுத்துன்னு கேட்ட உடனே நான் வந்தேன் ராத்தா. மார்சிலிங் ஸ்டேஷன்ல இறங்கி ஓடி வந்தேன். கையில பை, பையில பாட்டில். வாய் நாறுது. இந்த வாயோட எப்படிக் கலிமா சொல்லித் தூக்குறதுன்னு, கீழ தபால் பெட்டிங்க பக்கத்துல தூணுக்குப் பின்னாடி நின்னுட்டேன். மச்சானைச் சந்தூக்குல வச்சுத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. "யாராச்சும் தோள் மாத்துங்க"ன்னு ஒரு குரல். அது என் இடம். ரெண்டு அடி வச்சேன். கால் நின்னுபோச்சு. கட்டட வேலைக்கு வந்த பங்களாதேஷ்காரர் ஒருத்தர், மச்சான் யாருன்னே தெரிஞ்சிருக்காது, ஓடிவந்து தோள் கொடுத்தார். வேன் போயிடுச்சு. அப்புறம் அந்தப் பாட்டிலை நான் என்ன செஞ்சிருப்பேன்னு உனக்குத் தெரியும்.

இருபத்திரெண்டு வருசம் முன்னாடி என்னை ஏர்போர்ட்ல வந்து அழைச்சிட்டுப் போன மனுசன். அவரைக் கேட் வரைக்கும்கூட நான் கொண்டுபோய் விடலை.

இதைப் படிச்சிட்டு நீ எழுத வேணாம்னு நினைச்சா எழுத வேணாம்.

ரவூப்

*

மார்சிலிங்
11 ஏப்ரல்

என் தம்பிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பெருநாள் அன்னிக்குப் பாயசம் வச்சோம், யாரும் அதிகமாக் குடிக்கலை. எழுத லேட்டாயிடுச்சு. கோவம் இல்லை. சீட்டை எடுத்தா கண்ணு மறைக்குது.

உன் எழுத்து நேரா இருக்கு, கவனிச்சியா? முதல்ல அதைத்தான் பார்த்தேன்.

ரவூப், எனக்குத் தெரியும்டா.

அவரை எடுத்துட்டுப் போனப்போ பொம்பளைங்க நாங்க கதவோட நின்னுட்டோம். லிஃப்ட்டு மூடிடுச்சு. நான் ஆறாம் மாடி நடைபாதையில எட்டிப் பார்த்தேன். தூணுக்குப் பின்னாடி கட்டம் போட்ட சட்டை ஒண்ணு. அது போன வருசப் பெருநாளுக்கு நான் எடுத்துக் கொடுத்த சட்டை. நீ ரெண்டு அடி வச்சதையும் பார்த்தேன். நின்னதையும் பார்த்தேன். எல்லாரும் ரவூப் வரலை, ரவூப் வரலைன்னப்போ நான் வாயைத் திறக்கலை. வந்தான்னு சொன்னா, வந்தவன் ஏன் தூக்கலைம்பாங்க.

நான் கதவோட நின்னேன். நீ தூணோட நின்னே. அவரை விட்டு ரெண்டு பேரும் ஒரே தூரம்தான். இதுல நீ என்ன குறைஞ்சுபோனே?

நீயா சொல்லட்டும்னு இத்தனை நாள் இருந்தேன். சொல்லிட்டே. இப்ப எனக்கு நெஞ்சு லேசாயிடுச்சு. உனக்கும் ஆகட்டும்.

பையில மச்சானோட சட்டை நாலு இருக்கு. பீரோவுல வச்சு என்ன பண்ணப் போறேன். போட்டுக்கோ. வட்டமா உக்காந்து பேசும்போது நல்ல சட்டையோட உக்காரு.

ராத்தா

*

இல்லம்
27 ஏப்ரல்

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒண்ணும் இல்லை. பசி நல்லா எடுக்குது.

போன வாரம் நான் கிளம்பிட்டேன். உனக்கு மறைக்கக் கூடாதுன்னு எழுதுறேன். என் அறையில இருந்த மருதப்பன், நல்ல மனுசன், அவருக்குப் பிடிக்கலைன்னு வெளிய போயிட்டார். போகும்போது, "வெளிய ஒருத்தருக்கும் நாம வேணாம் ரவூப், இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன"ன்னார். மனசு அதையே பிடிச்சுக்கிச்சு. யாரும் பூட்டி வைக்கலை, எழுதிக் கொடுத்துட்டுப் போகலாம். சாயங்காலம் பையைக் கட்டினேன். போறதே போறோம், மச்சான் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போவோம்னு எடுத்தேன்.

ராத்தா, மச்சான் எவ்வளவு அகலம்! அவர் சட்டைக்குள்ள நான் ரெண்டு பேர் போகலாம். போட்டா அளவா நிக்குது. தோள் சரியா இருக்கு, கை சரியா இருக்கு. கழட்டித் திருப்பிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் பிரிச்சு உள்ள பிடிச்சுத் தைச்சிருக்கு. இடது தோள் அரை விரல் இறக்கம். எனக்கு இடது தோள் கொஞ்சம் தாழ்வுன்னு உனக்கே தெரியாது. தெரிஞ்ச ஆள் உலகத்துல ஒருத்திதான். நாலு சட்டைக்கும் அப்படியே. நீ ஊசியில நூல் கோக்கவே ஹனீனைக் கூப்பிடுவே.

கட்டின பையைப் பிரிச்சேன். ஆரிஃப் காக்கா வாசல்ல நின்னு பார்த்தார், "சமையல்கட்டுல வெங்காயம் கிடக்கு"ன்னு மட்டும் சொன்னார். போய் நறுக்கினேன். நல்லதாப் போச்சு, வெங்காயத்தாலன்னு நினைச்சு, கண்ணு ஏன் கலங்குதுன்னு யாரும் கேக்கலை.

காசும் அவதானா ராத்தா?

ரவூப்

*

மார்சிலிங்
6 மே

ரவூபுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். முட்டி பரவாயில்லை, எண்ணெய் தேய்க்கிறேன், நீ வேற கேட்டுக்கிட்டே இருக்கே.

நான் ஒருத்தங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அதனால நீ கேட்டதுக்கு நான் ஒண்ணும் எழுத மாட்டேன். ஆமாம்னும் எழுத மாட்டேன், இல்லைன்னும் எழுத மாட்டேன். சட்டை பேசிடுச்சுன்னா அது சட்டையோட பாடு. நான் பையைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. தேக்காவுல கொடுத்து இஸ்திரி போட்டு வாங்கிட்டு வான்னு ஹனீன்கிட்ட சொன்னேன். இஸ்திரி போடுன்னா இஸ்திரி மட்டும் போடணும்!

ஒண்ணு மட்டும் சொல்றேன். மன்னிச்சுட்டாங்கன்னு நினைச்சுக்காதே. தைச்சதுக்கு அர்த்தம் தைச்சதுதான். அதுக்கு மேல நீயா எதையும் சேர்த்துக்காதே. அதையும் சம்பாதிக்கணும், நாள் பிடிக்கும்.

பையைப் பிரிச்சேன்னு எழுதின வரியை ஹனீனைவிட்டு ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். அப்புறம் வுளூ செஞ்சு ரெண்டு ரக்அத் தொழுதேன்.

இருபத்திரெண்டாம் தேதி எனக்கு இத்தா முடியுது. இருபத்தஞ்சு ஞாயித்துக்கிழமை, உங்களைப் பார்க்க விடுற நாள்னு கண்மணி சொல்லுச்சு. வாசல் தாண்டி நான் வர்ற முதல் இடம் உன் இடம்தான். என்ன வேணும்னு எழுது.

ராத்தா

*

இல்லம்
14 மே

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா இருக்கேன்.

ஒண்ணும் வேணாம். நீ வா. வரும்போது பஸ்ஸுல உக்கார இடம் கேட்டு வாங்கிக்கோ, வெக்கப்படாதே.

சட்டையைப் பத்தி நான் எதையும் சேர்த்துக்கலை. ஆனா "தோள் சரியா நிக்குது"ன்னு சொல்ல முடிஞ்சா சொல்லு. வாக்கு கெடாம.

ரவூப்

*

மார்சிலிங்
27 மே

தம்பி ரவூபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீடு வந்து சேர்ந்தோம். கால் வீங்கியிருக்கு, சந்தோசமா வீங்கியிருக்கு. நாலு மாசம் நடக்காத கால் இல்லையா.

உன்கிட்ட நேர்ல நான் சரியாப் பேசலை. பேச வந்தது எல்லாம் உன் கன்னத்தைப் பார்த்ததும் மறந்துபோச்சு. சதை போட்டிருக்கே. கை ஆடலை. டீக் கோப்பையை நீட்டினப்போ தட்டுல ஒரு சொட்டு சிந்தலை, நான் தட்டையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். அனம் உன்னை விட்டுத் தள்ளித் தள்ளி உக்காந்துட்டு, கடைசியில அவ செருப்பு வாரை மாட்டச் சொல்லி உன்கிட்ட காலை நீட்டினா பார்த்தியா. பதினோரு வயசுப் பொண்ணுக்கு வார் மாட்டத் தெரியாதா. நீயும் குனிஞ்சு மாட்டினே, எழுந்திருக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டே. நான் கடலைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கிட்டேன்.

கேட்டுக்கு வெளிய மரத்தடியில குடை பிடிச்சுக்கிட்டு நின்னது யாருன்னு நீ கேக்கலை. நானும் சொல்லலை. நல்ல வெயில், மழை கிடையாது.

திரும்பி வரும்போது பஸ்ஸுல அந்தக் குடைக்காரிகிட்ட, "தோள் சரியா நிக்குதாம்"னேன். ஜன்னலையே பார்த்துக்கிட்டு வந்தா. ஆறேழு ஸ்டாப் போச்சு. அப்புறம், "செப்டம்பர்ல வெளிய வந்தா எங்க படுப்பாராம், மதினி?"ன்னா. என் வீட்டுலதான், வேற எங்கன்னேன். இன்னும் ரெண்டு ஸ்டாப் போச்சு. "பொங்கோல் வீட்டு ஹால்ல சோபா இருக்கு"ன்னா. நான் சட்டுனு திரும்பிட்டேன் போல. "சோபான்னு சொல்லுங்க மதினி. ரூம்னு சொல்லாதீங்க. ஒரு மாசம் பார்ப்பேன். வாடை வந்துச்சு, சோபாவையும் சேர்த்துக் கீழ போட்டுடுவேன்"னா. சொல்லலாமான்னு கேட்டேன். "நான் வேணாம்னா நீங்க சொல்லாமலா இருக்கப் போறீங்க லா"ன்னா. அதனால இது வாக்கு மீறினதுல சேராது.

இன்னும் நாலு மாசம் இருக்கு. வெங்காயம் நறுக்கு, வட்டமா உக்காரு, அவங்க சொல்றதைக் கேளு. சோபாவை நினைச்சுக்கிட்டு அவசரப்படாதே, அதுக்குக் கால் இல்லை, ஓடாது.

நேத்து லுஹர் தொழுதுட்டு, புது விரிப்பு எடுத்து மெத்தைக்குப் போட்டேன். அவர் பக்கம் அப்படியே பள்ளமா இருக்கு. என் பக்கத்துல ஓரமாப் படுத்துப் பார்த்தேன். கண்ணசந்து, அஸர் பாங்கு சொல்லும்போதுதான் ஹனீன் எழுப்பினா. அவர் போன பிறகு நான் அப்படித் தூங்கினதே இல்லை.

அதனால, வெளிய வந்ததும் ராத்தா வீட்டுல விழுந்து கிடக்கலாம்னு மட்டும் கணக்குப் போடாதே. கண்மணி எனக்குச் சொன்னதையே உனக்குச் சொல்றேன்.

பெட் காலியில்லை.

உன்
ராத்தா